நடு விளக்கு

எங்கள் குடியிருப்பில் ஒரு செய்தி மெய்யா பொய்யா என்று தெரிந்துகொள்ள யாரும் சிரமப்படுவதில்லை. தரைத்தளத்துப் பிரேமலதா ஒன்றைச் சொல்லி, நானும் அதையே சொன்னால் அது மெய். சங்கச் செயலாளர் கிட்டுசாமி அண்ணன் மட்டும் மாற்றிச் சொன்னால், பாவம், அவருக்குக் காது மந்தம் என்று அர்த்தம். மேல்மாடிப் பல் டாக்டரின் மாமியார் கோபித்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போனது இப்படித்தான் உறுதியானது. அந்தம்மா கண் ஆபரேஷனுக்குப் போனார் என்று கிட்டுசாமி அண்ணன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். யார் கேட்கிறார்கள்.

ஆகையால், பக்கத்து வீட்டு வெள்ளியங்கிரியின் பெட்டியும் இதே முறையில்தான் ஓடுகிறது என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமே ஏற்படவில்லை. பெட்டி செய்தவர்கள் எங்களைப் பார்த்துத்தான் படித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளியங்கிரி இறந்துவிட்டார். இறந்தும் வீட்டில்தான் இருக்கிறார். கோயம்புத்தூரில் இப்போது தெருவுக்கு நாலு வீட்டில் இப்படி ஒருவர் இருப்பதால் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சுக்கு முன் மனசை அப்படியே எழுதி எடுத்து, மைக்ரோவேவ் அடுப்பு அளவுள்ள ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். டிவி இருந்த இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. முன்பக்கத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கண்ணாடிக் கண். அதன் கீழே வரிசையாக மூன்று சின்ன விளக்குகள், பச்சை நிறத்தில். பார்க்கும், கேட்கும், பேசும்.

உயிரோடிருந்தபோது அவர் பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் தரம் பார்க்கிறவர். அளவு மயிரிழை மாறினாலும் சிவப்புச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுத் தள்ளிவிடுவார். வீட்டுக்கும் அந்தச் சாக்பீஸைக் கொண்டுவந்துவிடுவார் என்று அவர் மனைவி சுகந்தி என்னிடம் ஒருமுறை சொல்லிச் சிரித்தாள். தோசை நேற்றைய வட்டத்தில் இல்லை, காபி நேற்றைய நிறத்தில் இல்லை. பெட்டிக்குள் போனபிறகும் இது நிற்கவில்லை. குடிக்க வாய் இல்லாவிட்டாலும் காலையிலும் முற்பகலிலும் சாயங்காலமும் பெட்டிக்கு முன்னால் ஆவி பறக்கக் காபி வைத்தாக வேண்டும். ஆவியைப் பார்த்துவிட்டு “ம்” என்பார். ஆறிய காபியை சுகந்தி குடிப்பாள்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. புருஷன் பெண்டாட்டி ஏதாவது பேச ஆரம்பித்தால், “மெதுவாப் பேசு, நாகமணி காதக் குடுத்துட்டிருப்பா” என்பார். நாகமணி நான்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். உயிரோடிருந்தபோது அவர் சொன்னதில் பாதி தடவைதான் சரியாக இருந்தது. பெட்டிக்குள் போனபின் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நான் சுவரில் காது வைத்த அந்த நொடியில்தான் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். முதுகில் சிலீரென்று இருக்கும். பழகிவிட்டது.

சட்டப்படி பெட்டியில் இருப்பவர் ஆள்தான். தனியாகப் பூட்டிவிட்டுப் போகக்கூடாது. அவர் சம்மதமில்லாமல் வேறு ஊருக்குத் தூக்கிப்போகவும் கூடாது. அணைக்கவே கூடாது, அவரே தன் வாயால் போதும் என்று சொன்னாலொழிய. வருஷத்துக்கு ஒருமுறை ஒரு அதிகாரி வந்து, அக்கம்பக்கத்தார் மூன்று பேரைச் சாட்சிக்கு நிறுத்தி, “இருக்கீங்களா, போதுங்களா?” என்று கேட்பார். சாட்சி எப்போதும் பிரேமலதா, கிட்டுசாமி அண்ணன், நான் என்று நாங்கள் மூவர்தான். வெள்ளியங்கிரி ஒவ்வொரு வருஷமும், “இருக்கேன். இதென்னங்க கேள்வி?” என்பார்.

இந்த வருஷம் சுகந்திக்கு நிம்மதி இல்லை. ஈரோட்டில் கட்டிக்கொடுத்த மகள் தேன்மொழிக்கு இரண்டாவது பிரசவம். படுக்கையை விட்டு இறங்கினால் பிள்ளை தங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். மூத்தது இன்னும் நடை பழகவில்லை. மருமகனுக்கு ஊர் ஊராகச் சுற்றுகிற உத்தியோகம். தினமும் மகள் போனில் அழுவாள். இவள் பெட்டிக்கு முன் போய் நிற்பாள்.

“ஈரோட்டுக்குப் போயிரலாங்க. நீங்களும் வாங்க.”

“நான் வரல.”

“நான் மட்டுமாச்சும் போயிட்டு…”

“நீயும் போகல. காபி எங்க?” பிறகு சின்னக் குரலில், “நாகமணி கேக்கறா.”

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு முற்பகலில், பள்ளிக்கூட வேன்கள் எல்லாம் போய் ஓய்ந்தபிறகு, கிண்ணம் கொடுக்க சுகந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் வீட்டுக் கிண்ணம் எப்போதும் ஒன்று என்னிடம் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். அப்போது தோளில் பையோடு ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயசிருக்கும். இதற்கு முன் வந்தபோது என் கண்ணில் படாதவள். பர்வீன் என்று பெயர்ச்சீட்டு.

“கம்பெனியிலிருந்து வர்றனுங்க.”

“மறுபடியுமா? நாங்க யாரும் கூப்பிடலியே,” என்றாள் சுகந்தி.

“நீங்க கூப்பிட வேண்டியதில்லீங்க. அதுக்கு ஒடம்பு சரியில்லைன்னா அதுவே கூப்பிட்டுக்கும்.”

பெட்டியைப் பார்த்தோம். முதல் விளக்கு ஆரஞ்சாக எரிந்துகொண்டிருந்தது. வெள்ளியங்கிரி நன்றாகத்தான் இருந்தார். “யாரு சுகந்தி?” என்றார்.

“போர்டு மாத்த வந்திருக்காங்க.”

“ம். கெட்டதத் தள்ளிட்டு நல்லதா மாட்டச் சொல்லு.”

பர்வீன் பெட்டியின் பின்னால் போய்க் கதவைத் திறந்தாள். நான் முறுக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். சுகந்தி வீட்டு முறுக்குதான். பேச்சு வாங்க அது போதும்.

“உள்ள அப்படி என்னதான் இருக்குது கண்ணு?”

“மூணு போர்டுங்க்கா. மூணுலயும் இவருதான்.” ஒரு முறுக்கை உடைத்தாள். “மூணு பேரும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி பாப்பாங்க, ஒரே மாதிரி யோசிப்பாங்க. வெளிய பேசறதுக்கு முன்னாடி மூணையும் ஒத்துப் பாக்கும். ரெண்டு பேர் ஒண்ணாச் சொல்றது எதுவோ, அதுதான் வெளிய வரும்.”

“மூணாவது ஆளு மாத்திச் சொன்னா?”

“அவரு வெளக்கு ஆரஞ்சாயிரும். எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டுன்னா வெயிலு, கரண்டுன்னு விட்டுரும். அடிக்கடி மாத்திச் சொன்னா, அந்த போர்டு கெட்டுப்போச்சுன்னு ஒதுக்கி வெச்சுட்டு எங்களக் கூப்பிடும். நாங்க வந்து கழட்டிட்டுப் புதுசு மாட்டுவோம். புதுசு மத்த போர்டப் பாத்து அப்படியே எழுதிக்கும். பொட்டிய அணைக்கக்கூட வேண்டாம். அவரு பேசிட்டிருக்கறப்பவே மாத்திரலாம்.”

“அவருக்கு வலிக்காதுங்களா?” என்று சுகந்தி கேட்டாள்.

“மத்த ரெண்டு பேரும் பேசிட்டேதான இருக்காங்க. யாரு சொல்றது, வலிக்குதுன்னு?”

சுகந்தி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். எனக்கு வேறொன்று அரித்தது.

“அது அப்படி என்னத்த மாத்திச் சொல்லுது?”

பர்வீன் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அது எங்களுக்குத் தேவையில்லீங்க்கா. மாறுதான்னு மட்டும்தான் பாப்போம்.”

“என்னன்னே கேக்க மாட்டீங்களா?”

“இத்தன வருசத்துல கேட்டதில்லீங்க.”

பேச்சு நடக்கிறது என்று தெரிந்தும் என்ன பேச்சு என்று கேட்காத ஒரு ஜீவனை நான் அன்றுதான் பார்த்தேன். விடவில்லை. அவள் சலித்துக்கொண்டே பையிலிருந்து கைக்குள் அடங்குகிற ஒரு ஸ்பீக்கரை எடுத்து, பெட்டியின் பின்னால் ஒவ்வொரு போர்டாக மாற்றி மாற்றிச் செருகினாள். மணி காபி வேளையை நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசி போர்டு: “சுகந்தி, காபி எங்க?”

நடு போர்டு: “சுகந்தி, காபி எங்க?” அதே மூச்சு, அதே செருமல்.

முதல் போர்டு: “போதும் சுகந்தி. அணைச்சுரு.”

மூன்றும் அவர் குரல்தான். பர்வீன் கையிலிருந்த பாதி முறுக்கு அப்படியே நின்றது. இன்னொரு தடவை செருகினாள். காபி. காபி. “போதும் சுகந்தி, எத்தன தடவதான் சொல்றது?”

“எத்தன தடவ சொல்லிருக்காரு?” என்றேன், மெதுவாக.

“இந்த வீட்டுல நான் மாத்தறது இது மூணாவது தடவைங்க. மொதல்ல நடு போர்டு. அப்பறம் கடைசி. இப்ப இது. எடமே வேற வேற.” அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “புதுசா மாட்டறது நல்ல போர்டப் பாத்துத்தான எழுதிக்குது. அதுல இந்தப் பேச்சே இருக்காது. இருந்தும் கொஞ்ச நாள்ல மூணுல யாராச்சும் ஒருத்தர் ஆரம்பிச்சர்றாரு.”

“ஒருத்தர் ஒருத்தராத்தான் ஆரம்பிக்கறாரு,” என்றாள் சுகந்தி.

“ஆமாங்க. ரெண்டு பேர் சேர்றதுக்குள்ள நாங்க வந்தர்றோம்.”

“கழட்டுனத என்ன பண்ணுவீங்க?”

பர்வீன் தன் பையைப் பார்த்தாள். “நொறுக்கிருவாங்க. நான்தான் பையில கொண்டுபோய்க் குடுப்பேன்.”

முன்பக்கத்திலிருந்து பெட்டி, “சுகந்தி, காபி எங்க?” என்றது. இரண்டு பேர் சொன்ன சொல். சுகந்தி எழுந்து போய்க் காபி கலந்து வைத்தாள். ஆவியைப் பார்த்து “ம்” என்றார்.

அன்றைக்கு பர்வீன் எதையும் மாற்றவில்லை. சாமான் கொண்டுவரவில்லை என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் வருவதாகச் சொன்னாள்.

நான் வீட்டுக்கு வந்து சுவரருகில் நாற்காலி போட்டுக்கொண்டேன்.  வெகு நேரம் கழித்து சுகந்தியின் குரல் கேட்டது. பெட்டியிடம் பேசினாளா, தனக்குத்தானே பேசினாளா தெரியாது. “சோத்துக்குக்கூட ஒரு நாளும் போதும்னு சொன்னதில்ல. கைய மட்டும் காட்டுவீங்க.” அதற்கு மறுமொழி இல்லை. நாகமணி கேட்கிறாள் என்றுகூட இல்லை. அந்த அமைதியில் சுவரிலிருந்து நான்தான் முதலில் காதை எடுத்தேன்.

மறுநாள் பர்வீன் வந்தபோது நானும் கிண்ணத்தோடு போய்விட்டேன். சுகந்தி தயாராக இருந்தாள். பெட்டிக்குக் கேட்காமல் எங்களை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள்.

“அந்த மொத போர்டக் கழட்டாம, அவரு சொல்றது வெளிய வர்ற மாதிரி பண்ண முடியுமா கண்ணு? வர்ற வாரம் கேள்வி கேக்க வர்றாங்க.”

“அது முடியாதுங்க.” பிறகு, எங்களைப் பார்க்காமல் சொன்னாள். “தப்பு வேணா பண்ணலாம்.”

“என்ன தப்பு?”

“பொட்டிய முன்னாடியிருந்து பாத்தா ஒண்ணு, ரெண்டு, மூணு. நாங்க பின்னாடியிருந்து வேல செய்யறோம். எடது வலது மாறிரும். புதுசா வர்ற பசங்க எல்லாரும் ஒருக்காவாச்சும் கெட்டத உள்ள வெச்சுட்டு நல்லதக் கழட்டிருவாங்க. புதுசு எதப் பாத்து எழுதிக்கோணும்னு நாங்கதான் தொட்டுக் காட்டோணும். அதையும் மாத்தித் தொட்டுருவாங்க. எங்க ஆபீசுல இத சிரிச்சுட்டே சொல்லிக்குவோம்.”

“அப்படித் தொட்டா?”

“போதும்ங்கறவரு ரெண்டு பேராயிருவாரு. இருக்கேங்கறவரு நடுவுல ஒருத்தர்தான். அப்பறம் அவருதான் கெட்ட போர்டு.”

நல்ல வாக்கியம். ஊருக்குள் போய்ச் சொல்லலாம் என்று வாயெடுத்து, சொல்ல முடியாது என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன்.

“அக்கா, நீங்க சொல்லுங்க,” என்று சுகந்தி என் பக்கம் திரும்பினாள். “ரெண்டு பேர் இருக்கேங்கறாரு. ஒருத்தர் போறேங்கறாரு. மூணும் அவருதான். நான் யாரு பேச்சக் கேக்கறது?”

என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. செய்திதான் கேட்பார்கள். “தேனுக்கு எப்படி இருக்குது?” என்றேன்.

“நேத்து ரத்தம் பட்டுச்சாம்.”

சுகந்தி பர்வீனைப் பார்த்துத் தலையசைத்தாள். பர்வீன் பின்னால் போனாள். சுகந்தி காபியைக் கலந்துவந்து பெட்டிக்கு முன் வைத்தாள், கண்ணுக்கு வேறு வேலை கொடுக்கிறவள் போல.

கடைசி போர்டை உருவியபோது பெட்டி நின்றுபோயிற்று. அணைந்துவிடவில்லை. கண் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு விளக்குகள் எரிந்தன. உள்ளே இரண்டு பேர், இருவரும் ஒத்துப்போகவில்லை, ஆகையால் வாய் திறக்கவில்லை. காபியில் ஆவி வந்துகொண்டே இருந்தது. அந்த வீட்டில் ஆவிக்கு “ம்” வராத ஒரே காபி அதுதான். ஆவி அடங்கும்வரை பார்த்தோம். பர்வீன் புதிய போர்டைச் செருகி, விரலால் எதையோ தொட்டாள். மூன்று விளக்கும் பச்சையாயின. பிறகு நடு விளக்கு ஆரஞ்சாகி, மறுபடி பச்சையானது.

“போதும் சுகந்தி,” என்றது பெட்டி. முதல்முறையாக வெளியே.

சுகந்தி அழவில்லை. ஆறிய காபியை எடுத்துக் குடித்தாள்.

“கேள்வி நாளைக்கு நடு வெளக்கு எரியுங்க,” என்றாள் பர்வீன், பையை மூடிக்கொண்டே. “கேட்டதுக்கு அவரு மட்டும் மாத்திச் சொல்வாருல்ல. அதிகாரி பாத்துட்டா கேள்விய நிறுத்திருவாங்க. சோதன பண்ணுவாங்க. அப்பறம் என் வேலையும் போச்சு.”

கேள்வி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பத்து மணி வாக்கில் அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், நெஞ்செரிச்சல்காரர் போலிருக்கிறது, காபி வேண்டாம் மோர் இருந்தால் கொடுங்கள் என்றார். பிரேமலதா பட்டுப் புடவையில் வந்திருந்தாள். கிட்டுசாமி அண்ணன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். கேட்கிறவர் கண்ணைப் பார்த்துக் கேட்க வேண்டும், சாட்சிகள் விளக்குகளைப் பார்க்க வேண்டும் என்பது முறை. சும்மா நிற்கிறவர்களுக்கும் ஒரு வேலை.

சுகந்தி பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, தோளில் கை போடுவது போல அதன் மேல் கையை வைத்தாள். விரல்கள் முன்பக்கம் தொங்கின. பெண்டாட்டிதானே, கடைசி நேரமாகவும் இருக்கலாம், யார் தப்பாக நினைப்பார்கள். அவளுடைய நடுவிரல் நடு விளக்கின் மேல் இருந்தது.

“வெள்ளியங்கிரி, இருக்கீங்களா, போதுங்களா?”

பெட்டி கொஞ்சம் யோசித்தது. “போதுங்க,” என்றது.

அந்த நொடியில் சுகந்தியின் நகத்தைச் சுற்றி ஆரஞ்சு கசிந்தது. விரலுக்குள் வெளிச்சம் புகுந்து, சதை சிவந்து தெரிந்தது. நான் நின்ற இடத்திலிருந்து மட்டும் அது தெரியும். நான் எப்போதும் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்துத்தான் நிற்பேன். கண்ணாடிக் கண்ணுக்குள் லேசாக ஏதோ திரும்பியது. என்னைப் பார்ப்பது போலிருந்தது. கண்ணென்றால் எல்லோரையும்தான் பார்க்கும்.

சுகந்தி விரலை இன்னும் அழுத்தினாள். வெளிச்சம் மறைந்தது.

அதிகாரி முறைப்படி இன்னொரு தடவை கேட்டார். “போதும்னு சொன்னேனுங்களே,” என்றது பெட்டி.

“விளக்குல ஏதாச்சும் மாத்தம் தெரிஞ்சுதாம்மா?”

“இல்லீங்க,” என்றாள் பிரேமலதா. அவள் திரைச்சீலைத் துணி எங்கே வாங்கியது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லீங்க,” என்றார் கிட்டுசாமி அண்ணன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பிரேமலதாவோடு ஒத்துப்போனார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். என் வாயில் என்ன வரவிருந்தது என்று சத்தியமாக எனக்கே தெரியாது. அவர் மோர்த் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “பரவால்லம்மா, ரெண்டு பேர் சொன்னாப் போதும்,” என்று எழுந்துவிட்டார்.

பின்பக்கம் போய் ஒரு சாவியைத் திருகினார். இவ்வளவு நாளாக அந்த வீட்டில் ஒரு ரீங்காரம் இருந்தது என்பது அது நின்றபிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

அன்று மாலையே சுகந்தி ஈரோட்டுக்குக் கிளம்பினாள். கால் டாக்ஸியில் பையை வைத்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“பாத்தீங்கதான அக்கா?”

“என்னத்த?”

அவள் விரலைத் தேய்த்துக்கொண்டாள். “நடுவுல இருந்தவரு என்ன சொல்லிருப்பாரு? அணைக்காதன்னு கத்திருப்பாரோ? நான் வாய மூடிட்ட மாதிரி இருக்குதுங்க்கா.”

“காபி கேட்டிருப்பாரு, போ,” என்றேன். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. வண்டி போய்விட்டது.

அதற்குப் பிறகு பத்திருபது நாளில் பர்வீன் பெட்டியை எடுத்துப்போக வந்தாள். பக்கத்து வீட்டுச் சாவி என்னிடம்தான் இருந்தது, வேறு யாரிடம் இருக்கும். தேன்மொழிக்கு உடம்பு தேவலை என்றேன். அவள் கேட்டுக்கொண்டே போர்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நடு போர்டில் கை வைத்தவள் நின்றாள்.

“அக்கா, நீங்க அன்னைக்குக் கேக்கச் சொன்னதுலருந்து கெட்ட பழக்கமாயிருச்சு. கழட்டறதுக்கு முன்னாடி, கடைசியா என்ன மாத்திச் சொல்லுச்சுன்னு கேட்டுப் பாத்தர்றேன். பொட்டிய அணைச்சாலும் அது போர்டுல பதிஞ்சிருக்கும்.”

“என்ன சொல்லுச்சு?”

“அணைக்க வேண்டாம்னுதான் சொல்லிருக்கும்னு நெனைக்கறேன். அந்தம்மாவும் அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணிக் கேட்டாங்க. பாத்துட்டு சொல்றேன்னு சொல்லிருக்கேன்.” அந்தச் சின்ன ஸ்பீக்கரைச் செருகினாள். வெள்ளியங்கிரியின் குரல், மெதுவாக, வீட்டுக்குள் பேசுகிற குரல்:

“வெரல நல்லா மூடு சுகந்தி. நாகமணி பாக்கறா.”

அவ்வளவுதான். பர்வீன் இன்னொரு தடவை போட்டாள். காலி வீட்டில் அது சுவரில் பட்டு என் வீட்டுப் பக்கம் போவது போலிருந்தது.

“ஒண்ணும் புரியலீங்க்கா,” என்றாள். “புரிஞ்சா அந்தம்மாகிட்டச் சொல்லலாம். இந்த பிளாக்குல நாகமணினு யாராச்சும் இருக்காங்களா?”

கையில் அவர்கள் வீட்டுக் கிண்ணம் இருந்தது. எதற்கு எடுத்துவந்தேன் என்று தெரியவில்லை. அதை அலமாரியில் வைத்தேன்.

“அப்படி யாரும் இல்லியே கண்ணு,” என்றேன்.

“அப்பச் சரி. கெட்ட போர்டுதான், ஒளறுது,” என்று அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.